தேய்வதற்கென்றே வைத்த பெல்ட்: ஒரு டேபிள்டாப் கிரைண்டரின் நீண்டகால அனுபவம்

எங்கள் வீட்டில் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்துவரும் இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் கோவையில் செய்யப்பட்டது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் 2005-06ஆம் நிதியாண்டில் புவிசார் குறியீடு பெற்றது பலருக்கும் தெரிந்திருக்கும். இத்தனை காலம் பயன்படுத்திய பிறகு நான் அதை மெச்சுவது மாவின் பதத்துக்காக மட்டுமல்ல. எந்த உறுப்பு முதலில் தேய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து அதைச் செய்திருக்கிறார்கள் என்பதற்காகவும்தான்.

அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் மோட்டாரின் சிறிய புல்லி, டிரம்மைச் சுழற்றும் பெரிய புல்லி, இரண்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட், ஓரத்தில் மோட்டார் சுழலத் தொடங்க உதவும் ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். உளுந்து பொங்கி இறுகும் நேரத்தில் தண்ணீர் தெளிக்கத் தாமதமானால் டிரம் திணறும். அப்போது பெல்ட் வழுக்கி, அந்தச் சுமை மோட்டாரின் மேல் முழுவதுமாக ஏறாமல் தடுக்கும். மலிவான ஒன்று தேய்ந்து விலை உயர்ந்ததைக் காக்கும் இந்த ஏற்பாட்டை நான் வெறும் பொறியியல் சிக்கனமாகக் கருதவில்லை. தேய்மானத்தை மறைக்காமல், அதற்கு ஓர் இடத்தை ஒதுக்கிப் பொருளைச் செய்வது வாங்குபவரிடம் காட்டும் நேர்மை.

ஒரு கருவி ஒழுங்காக இயங்கும்வரை அது நம் கவனத்துக்கு வருவதில்லை என்றும், பழுதாகும்போதுதான் கண்முன் ஒரு பொருளாக வந்து நிற்கிறது என்றும் ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் சுத்தியலை முன்வைத்து எழுதினார். இதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. பராமரிப்பவரின் காதுக்குக் கருவி ஒருபோதும் மறைவதில்லை. பெல்ட் தளர்ந்தால் எழும் கீச்சொலி வேறு, பேரிங்கில் கிரீஸ் வற்றினால் கேட்கும் கரகரப்பு வேறு. சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டே சுழலாமல் நின்றால், பெரும்பாலும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். இவற்றை அடுத்த அறையில் இருந்தபடியே அம்மா பிரித்துச் சொல்லிவிடுவார்.

பழுதுபார்ப்பு கண்ணுக்குத் தெரியும் நிகழ்வு. பராமரிப்போ எதுவும் நிகழாமல் பார்த்துக்கொள்வது என்பதால் அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மாவை வழித்தெடுத்ததும் டிரம்மின் நடுத்தண்டைச் சுற்றி ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடைத்து, குழவிக்கற்களைக் கழற்றி அவை தண்டில் சுழல உதவும் உள்வளையங்களான புஷ்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் சில நிமிட வேலைதான் இந்த இயந்திரத்தின் ஆயுளில் பெரும்பங்கை நிர்ணயிக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். பெரும்பாலான வீடுகளில் அது பெண்களின் தலையில் விழும் வேலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் வாங்கிய மிக்ஸி இப்போது இல்லை. அதன் மோட்டார் நன்றாகவே இருந்தது. ஆனால் ஜாரை மோட்டாருடன் இணைக்கும் கப்ளரின் அளவைத் தயாரிப்பாளர் மாற்றிவிட்டதால் பழைய அளவில் உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது நல்ல அடியெடுப்பு. எனினும், உதிரிபாகம் கிடைக்காதபோது அதில் உள்ள கையேடும் வாடிக்கையாளர் சேவை எண்ணும் பெரிதாக உதவுவதில்லை.

ஆகவே, கிரைண்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் மாவு அரைத்துக் காட்டச் சொல்வதோடு நிற்காமல், அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிமூடி சாதாரணத் திருகில் நிற்கிறதா, ரிவெட் அடித்து மூடப்பட்டிருக்கிறதா, அதன் பெல்ட்டும் புஷ்ஷும் உங்கள் ஊர் உதிரிபாகக் கடையில் கிடைக்குமா, மோட்டாருக்குக் காயில் கட்டித் தருவார்களா என்று விசாரித்த பிறகு விலை பேசுங்கள்.