ஆறு பேர், நான்கு டிக்கெட்: கான்பான் வரம்போடு ஐந்து வருடம்

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் ஆறு பேர். ஐந்து வருடமாக ஜிரா என்ற மென்பொருளில் கான்பான் போர்டு (எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் பலகை) வைத்து வேலை செய்கிறோம். அதற்கு முன் எல்லா டிக்கெட்டும், அதாவது பதிவான ஒவ்வொரு வேலையும், 'ஹை பிரயாரிட்டி'தான். கடைசியாகப் போன் செய்தவரின் வேலை முதலில் நடக்கும்.

முதலில் ஹை, மீடியம், லோ என்ற லேபிள்களைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் அடுக்கினோம். எது முதலில் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் ஒன்றை மேலே ஏற்றினால் எது கீழே இறங்குகிறது என்று அவர் கண்ணெதிரிலேயே தெரியும். பாதி வாக்குவாதம் இதிலேயே அடங்கியது.

அடுத்து, 'இன் பிராகிரஸ்' (நடந்துகொண்டிருக்கும் வேலை) பகுதியில் நான்குக்கு மேல் கூடாது என்ற வரம்பு. ஆறு பேருக்கு நான்கா என்று முதல் மாதம் சண்டையே வந்தது. கை ஓய்ந்தவர் புதிதாக ஒன்றைத் தொடாமல் அடுத்தவரின் கோடு ரிவ்யூவையோ டெஸ்டிங்கையோ முடித்துக் கொடுக்க வேண்டும். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதிதான் இதற்கு அடிப்படை. வாரம் நான்கு வேலை முடிக்கும் டீம் பன்னிரண்டைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக மூன்று வாரம் ஆகும். நான்கை வைத்திருந்தால் ஒரு வாரம். இந்தக் கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டிய பிறகுதான் எங்கள் சீனியர் டெவலப்பர் ஒப்புக்கொண்டார்.

ரெட்ரோ, அதாவது வேலை எப்படி நடந்தது என்று டீம் திரும்பிப் பார்க்கும் கூட்டம், இந்த விஷயத்தில் ஒன்றரை வருடத்தை வீணாக்கினோம். பேசியதையெல்லாம் தனிப் பக்கத்தில் எழுதி வைப்போம், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். 'பில்டு (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) நாற்பது நிமிடம் ஓடுகிறது' என்ற ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. அப்புறம் ஒரு ரெட்ரோவுக்கு ஒரே ஒரு திருத்தம், அதுவும் அதே வரிசையின் மேலே என்று மாற்றினோம். இரண்டே வாரத்தில் பில்டு பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்தது. ஸ்க்ரம் என்ற டீம் வேலைமுறையின் 2017 கையேடு, முந்தைய ரெட்ரோவில் கண்ட ஒரு திருத்தமாவது அடுத்த ஸ்பிரிண்டில் (குறுகிய வேலைச் சுற்றில்) இருக்க வேண்டும் என்றது. 2020 பதிப்பில் அது விருப்பமாகத் தளர்ந்துவிட்டது. கட்டாயமாகவே விட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

புரொடக்‌ஷன் (பயனர்கள் உபயோகிக்கும் மென்பொருள்) கோளாறுக்கென்று தனியாக ஓர் அவசர இடம் வைத்திருக்கிறோம். ஒன்றே ஒன்றுதான். வேறு டீமின் ஏபிஐக்காக, அதாவது அவர்கள் மென்பொருளோடு எங்களுடையதை இணைக்கும் வழிக்காக, காத்திருக்கும் டிக்கெட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. வரம்புக்குள் விட்டால் நான்கில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்கிறது, வெளியே எடுத்தால் எல்லோரும் மறந்துவிடுகிறோம். இப்போதைக்கு உள்ளேயே விட்டு, தினமும் காலையில் அந்த டீமிடம் முதலில் பேசுகிறோம்.