கிரியேட்டினினா, ஈஜிஎஃப்ஆரா, சிஸ்டாடின் சி-யா, ஏசிஆரா: சிறுநீரகத்தின் நிலையை எது சரியாகச் சொல்கிறது?

ஒரே வாரத்தில் வீட்டுக்கு இரண்டு ரிப்போர்ட் வந்தன. ஒன்று அம்மாவுடையது, வயது 70, பல வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இன்னொன்று அக்கா மகனுடையது, வயது 25, தினமும் ஜிம்முக்குப் போகிறவன். இரண்டிலும் கிரியேட்டினின் 1.1 மி.கி. என்றுதான் இருந்தது, இரண்டிலும் அந்த எண் தடித்த எழுத்தில் இல்லை, அதாவது லேப் கணக்குப்படி இரண்டு பேருக்கும் நார்மல். அம்மா சந்தோஷமாகத் தாளை மடித்து வைத்துவிட்டார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. வயது, பாலினம், கிரியேட்டினின் மூன்றையும் ஈஜிஎஃப்ஆர் கணக்கில், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் கணக்கில், போட்டுப் பார்த்தேன். அவனுக்கு 96 வந்தது, அம்மாவுக்கு 54.

ரத்தத்தில் ஒரே எண், ஆனால் சிறுநீரகம் வேலை செய்யும் அளவில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம். அன்றிலிருந்துதான் எந்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் கிரியேட்டினின். நம் தசையில் இருக்கும் கிரியேட்டின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கிரியேட்டினினாக மாறி ரத்தத்தில் கலக்கிறது, அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளுகிறது. வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் தேங்கும், எண் ஏறும். சுலபமான, மலிவான, எங்கும் கிடைக்கிற பரிசோதனை. ஆனால் தசை அதிகம் உள்ளவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் கூடுதலாகத் தெரியும், வயதாகித் தசை கரைந்தவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் நல்லபிள்ளையாக நிற்கும். அம்மாவுக்கு நடந்தது இதுதான். இது போதாதென்று, ரத்தம் கொடுக்கும் முன் நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தால் ஏறும், கிரியேட்டின் பவுடர் எடுத்தால் ஏறும். டிரைமெத்தோபிரிம், சிமெடிடின் போன்ற சில மருந்துகள் சிறுநீரகத்தை ஒன்றும் செய்யாமலே, கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை மட்டும் அடைத்து எண்ணை ஏற்றிவிடும்.

அளக்கும் முறையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மாக்ஸ் யாஃபே 1886-ல் கண்டுபிடித்த பிக்ரிக் அமில நிறமாற்ற வினையை வைத்து அளக்கும் முறையை இன்னமும் பல லேப்களில் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் கீட்டோனோ சர்க்கரையோ மிக அதிகமாக இருந்தால் அது கிரியேட்டினினைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். நொதி முறையில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் முடிந்தவரை ஒரே லேபிலேயே தொடர்ந்து பாருங்கள். இந்த மாதம் ஒரு இடத்தில் 1.2, அடுத்த மாதம் வேறு இடத்தில் 1.3 என்று வந்தால் அதை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிரியேட்டினினில் பலர் தவறவிடும் விஷயம் வேறு. அது நேர்கோட்டில் ஏறுவதில்லை. 50 வயது ஆண் ஒருவருக்கு 0.8 இருந்தது 1.6 ஆனால் ஈஜிஎஃப்ஆர் சுமார் 108-லிருந்து 52-க்கு விழுகிறது, பாதிக்கு மேல் போய்விட்டது. அதே ஆளுக்கு 6 என்பது 7 ஆனால் சுமார் 11-லிருந்து 9-க்குத்தான் இறங்குகிறது. ஆனால் வீட்டில் எல்லோரும் பதறுவது 6 ஏழாகும்போதுதான். "1.6 தானே, கொஞ்சம்தான் கூட" என்று சொல்லி விட்டுவிடுகிற அந்த ஆரம்பக் கட்டத்தில்தான் இழப்பு பெரியது, காப்பாற்ற முடிவதும் அப்போதுதான்.

அடுத்து ஈஜிஎஃப்ஆர். இது தனியாக ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை இல்லை, கிரியேட்டினினை வயது, பாலினத்தோடு சேர்த்துப் போடும் கணக்கு. நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்த நீரை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. இப்போது பரிந்துரைக்கப்படும் சூத்திரம் சிகேடி-எபி, 2021-ல் திருத்தப்பட்டது. 90-க்கு மேல் நல்லது. 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள், 15-க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். அந்த 3 மாதம் என்பது முக்கியம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றியிருந்த நேரத்தில் ஒரு முறை 55 வந்ததை வைத்து யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது.

வெறும் கிரியேட்டினினோடு ஒப்பிட்டால் ஈஜிஎஃப்ஆர் எவ்வளவோ மேல். அம்மா விஷயத்தில் கண்ணைத் திறந்துவிட்டதே அதுதான். ஆனாலும் அடியில் இருப்பது அதே கிரியேட்டினின்தான், அதனால் அதன் குறையும் கூடவே வருகிறது. அக்கா மகனுக்கு அடுத்த வருடம் கிரியேட்டினின் 1.5 வந்தது, ஈஜிஎஃப்ஆர் 66. "சித்தி, எனக்கு கிட்னி போயிடுச்சா?" என்று போனில் அழாத குறையாகக் கேட்டான். பவுடர் ஏதாவது எடுக்கிறாயா என்று கேட்டேன். ஆறு மாதமாக கிரியேட்டின் எடுக்கிறானாம்.

அவனுக்கு உதவியது சிஸ்டாடின் சி. உடம்பில் உட்கரு உள்ள எல்லா செல்களும் உற்பத்தி செய்யும் சின்னப் புரதம் இது, தசையை நம்பி இல்லை. அதை வைத்துக் கணக்குப் போட்டபோது 90-ஐத் தாண்டியது. சிறுநீரிலும் புரதம் இல்லை. பவுடரை நிறுத்தி சில வாரம் கழித்துப் பார்த்தபோது கிரியேட்டினினும் இறங்கிவிட்டது. தசை அதிகம் உள்ளவர்கள், தசை வெகுவாகக் கரைந்த முதியவர்கள், கை கால் இழந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் சிஸ்டாடின் சி பெரிய துணை. கேடிஐஜிஓ என்ற உலகளாவிய சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டுதல், சிஸ்டாடின் சி பார்க்கும் வசதி இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதையே பரிந்துரைக்கிறது. அதற்காக இது குறையே இல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, உடல்பருமன், புகைப்பழக்கம், உடலில் அழற்சி எல்லாம் இதை மாற்றிக் காட்டும். செலவும் கூடுதல். எல்லோருக்கும் வேண்டியதில்லை. கிரியேட்டினின் மேல் சந்தேகம் வரும்போது கேட்க வேண்டிய இரண்டாவது சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீரில் பார்க்கும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர். சிறுநீரக வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் அல்புமின் என்ற புரதத்தை வெளியே விடாது. அதில் சேதம் தொடங்கியதும் கசியத் தொடங்கும். சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் கிரியேட்டினினும் ஈஜிஎஃப்ஆரும் அழகாக இருக்கும், சில சமயம் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டிக்கொண்டிருக்கும், அந்த நேரத்திலேயே இந்தக் கசிவு தெரிந்துவிடும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30 முதல் 300 வரை மிதமான கசிவு, அதற்கு மேல் கடுமையானது. சாதாரண சிறுநீர்ப் பட்டைச் சோதனை இந்தச் சின்னக் கசிவைப் பெரும்பாலும் தவறவிடும், ஆகையால் "யூரின்ல புரோட்டீன் இல்லைன்னு போன வருஷமே பார்த்தாச்சே" என்பது ஏசிஆர் பார்த்ததற்குச் சமம் ஆகாது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எல்லாம் நார்மல்னுதானே போட்டிருக்கு, எதுக்குடி இன்னொரு டெஸ்ட்?" என்றார். விடாமல் கூட்டிப்போய் காலை முதல் சிறுநீரைக் கொடுக்க வைத்தேன். 180 வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ஒரு தடவை கூட யாரும் இதை எழுதிக் கொடுக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது இதை நீங்களே கேட்டு வாங்குங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய் நேரங்களில் எண் தற்காலிகமாக ஏறும் என்பதால் ஒரு முறை கூடுதலாக வந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். அம்மாவுக்கும் மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு முறை பார்த்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூரியா சிறுநீரகத்தைத் தனியாக மதிப்பிட உதவாது. உடம்பில் நீர் குறைந்தாலும், புரதம் அதிகம் சாப்பிட்டாலும், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் ஏறும். 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பு தத்துவத்தில் நல்லது, நடைமுறையில் ஒரு தடவை பாட்டிலில் பிடிக்க மறந்தாலும் கணக்கு தவறிவிடும். ஸ்கேன் சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டும், கல், அடைப்பு, நீர்க்கட்டி, சுருக்கம் எல்லாம் தெரியும், ஆனால் ஸ்கேன் நார்மல் என்பதற்காக வேலையும் நார்மலாக நடக்கிறது என்று அர்த்தம் இல்லை.

ஆக, என்னைக் கேட்டால் ஈஜிஎஃப்ஆரும் ஏசிஆரும் ஜோடியாகப் பார்க்க வேண்டியவை. ஒன்று எவ்வளவு வேலை நடக்கிறது என்று சொல்கிறது, மற்றது எவ்வளவு சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறது. ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஈஜிஎஃப்ஆர் 75, ஏசிஆர் 400 உள்ளவரைவிட, ஈஜிஎஃப்ஆர் 58, ஏசிஆர் 10 உள்ளவருக்குக் கவலை குறைவு. வெறும் கிரியேட்டினினைப் பார்த்திருந்தால் நேர் தலைகீழாக நினைத்திருப்போம்.

இன்னொன்று, "கிரியேட்டினினைக் குறைக்கும்" என்று விற்கிற பொருள்களைப் பற்றி. கிரியேட்டினின் நோய் இல்லை, நோயைக் காட்டும் அடையாளம். பட்டினி கிடந்து தசை கரைந்தால் கூட எண் இறங்கும், சிறுநீரகம் அப்படியேதான் இருக்கும், உடம்புதான் பலவீனமாகும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அம்மாவுக்கு மருத்துவர் அல்புமின் கசிவைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார். மூன்று வாரத்தில் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.3 ஆகிவிட்டது, ஈஜிஎஃப்ஆர் 44. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன், நல்லவேளை முதலில் அவரைக் கேட்டேன். இந்த வகை மாத்திரை வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதால் ஆரம்பத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், 30 சதவீதத்துக்குள் ஏறி நின்றுவிட்டால் பெரும்பாலும் மருந்தைத் தொடரலாம், கூடவே பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். பொட்டாசியம் சரியாக இருந்தது. ஆனால் முழங்கால் வலிக்கு அம்மா தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்குளோஃபெனாக் மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். அதைத் தினமும் போடுகிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த ஒப்பீட்டுக்கும் நேரமில்லை. சிறுநீர் திடீரென வெகுவாகக் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கி மூச்சு வாங்கினாலோ, இரண்டே நாளில் கிரியேட்டினின் 0.3 அல்லது அதற்கு மேல் ஏறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் பாதிப்பில் கிரியேட்டினின் ஒன்றிரண்டு நாள் தாமதமாகத்தான் ஏறும், எண் வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இப்போது அம்மா ஒரு சின்ன நோட்டில் தேதி, கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர், ஏசிஆர், ரத்த அழுத்தம் என்று ஐந்து கட்டம் போட்டுத் தன் கையாலேயே எழுதிவைக்கிறார். கிரியேட்டினின் கட்டத்தில் கடந்த நான்கு தடவையும் 1.3 தான். ஏசிஆர் கட்டத்தில் 180, 140, 95, 70.