ரைசன் 5 5600ஜி: கிராஃபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடுபவர்களுக்கான ப்ராசசர்

குறைந்த பட்ஜெட்டில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்பவர்களுக்குக் கையைக் கடிப்பது கிராஃபிக்ஸ் கார்டுதான். அதை இப்போதைக்கு விட்டுவிட்டு, மற்ற எல்லாப் பாகங்களையும் உருப்படியாக வாங்க வழி செய்வதுதான் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-யின் பலம். 2021 ஆகஸ்டில் கடைகளுக்கு வந்த இந்த ப்ராசசரில் 6 கோர், 12 த்ரெட். அடிப்படை வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.4. உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ் 7 யூனிட்டுகளுடன் இருக்கிறது. பெட்டியோடு கூலரும் வருவதால் அதற்குத் தனியாகச் செலவில்லை.

வாங்கும்போது கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ரைசன் 5 5500 என்று ஒன்று உண்டு. 5600ஜி-யில் இருக்கும் அதே வகைச் சிப்தான், ஆனால் கிராஃபிக்ஸ் பகுதி செயல்படாது. விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐ-யில் மானிட்டரைச் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும். 4500, 5600, 5600எக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 2024 ஜனவரியில் வந்த 5600ஜிடி, 5500ஜிடி இரண்டிலும் கிராஃபிக்ஸ் உண்டு. 5600ஜிடி-யில் பூஸ்ட் 4.6, கிராஃபிக்ஸ் அதே 7 யூனிட். 5600ஜி, 5600ஜிடி இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். ‘ட்ரே’ என்று பெட்டியில்லாமல் விற்பதில் பெரும்பாலும் கூலர் இருக்காது. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் அனேகமாக ஒன்றும் இருக்காது.

இனி ரேம். பட்ஜெட் மெஷின்களில் அதிகம் சொதப்பும் இடம் இதுதான். கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு, 5600ஜி-க்கு இல்லை. ப்ராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிடிஆர்4 3200 ரேம் ஸ்டிக் ஒன்று நொடிக்குக் கடத்தும் தரவு 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டால் இரட்டைச் சேனலில் (இரண்டு தனித்தனிப் பாதைகளில்) 51.2 ஜிபி. அதனால் 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே ஸ்டிக்காக வாங்கவே வாங்காதீர்கள், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ‘இப்போது ஒன்று, பிறகு இன்னொன்று’ என்ற கணக்கு மற்ற மெஷின்களுக்குச் சரிவரலாம். இதில் ஒற்றை ஸ்டிக் போட்டால் பல கேம்களில் ஃப்ரேம் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிடும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் செருக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் (1-2 அல்லது 3-4) செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்து, இரண்டு வாங்கியதன் பலனே இல்லாமல் போகும்.

செருகியதோடு வேலை முடியாது. ஸ்டிக்கின் மேல் 3200 என்று எழுதியிருந்தாலும், பல மாடல்கள் முதலில் 2133, 2400 அல்லது 2666-இல்தான் ஓடும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் பக்கம்) போய், எழுதியிருக்கும் வேகத்தில் ரேமை ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை (சில போர்டுகளில் டிஓசிபி என்றிருக்கும்) ஆன் செய்ய வேண்டும். பிறகு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகத்தைச் சரிபாருங்கள். அதே பக்கத்தில் 16 ஜிபி-க்குப் பதில் 13.9 ஜிபி என்று தெரிந்தால் ரேம் பழுது என்று ஓட வேண்டாம். கீழே ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற வரியில் 2 ஜிபி கிராஃபிக்ஸுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். பயாஸில் யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் என்ற இடத்தில் இதை மாற்றலாம். அலுவலக வேலைக்கு 512 எம்பி தாராளம். சில கேம்கள் ஒதுக்கிய அளவைப் பார்த்துவிட்டுத் திறக்கவே மறுக்கும், அவற்றுக்கு மட்டும் 2 ஜிபி வையுங்கள். 8 ஜிபி ரேமோடு இந்த ப்ராசசரை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிராஃபிக்ஸுக்குக் கொடுத்ததுபோக விண்டோஸுக்கே மூச்சு முட்டும்.

மதர்போர்டுக்கு ஏ520 போதும். அதில் ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, ஆனால் ரேம் வேகத்தைக் கூட்ட முடியும். நமக்குத் தேவை அதுதான். பி450, பி550 போர்டுகள் பழைய ஸ்டாக்காக மலிவில் கிடைத்தால் முதலில் நிறுவனத்தின் பக்கத்தில் ப்ராசசர் பட்டியலைத் திறந்து, 5600ஜி-க்கு எந்த பயாஸ் வெர்ஷன் வேண்டும் என்று பாருங்கள். ‘ரைசன் 5000 ரெடி’ ஸ்டிக்கரை மட்டும் நம்பக் கூடாது. 5600எக்ஸ் வந்தபோது அச்சிட்ட பெட்டியாக இருக்கலாம், ஜி மாடல் அதற்குப் பிறகுதான் வந்தது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் கவலையில்லை. எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் கையேடு சொல்லும் பெயரில் ஃபைலை வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகினால் ப்ராசசர் இல்லாமலே அப்டேட் ஆகிவிடும். பட்டன் இல்லாத போர்டை வாங்கினால் கடையிலேயே அப்டேட் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பயாஸில் எஃப்டிபிஎம் (ப்ராசசரோடு வரும் பாதுகாப்பு வசதி) ஆன் செய்தால் விண்டோஸ் அவ்வப்போது சிக்கிச் சிக்கி ஓடும் பிரச்சினை இருந்தது. 2022-இல் ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு புதிய பயாஸில் சரிசெய்தது. அப்டேட் செய்ய அதுவும் ஒரு காரணம்.

பொருத்தும்போது கவனம் தேவைப்படும் இடம் கூலர். ஏஎம்4 (5600ஜி பொருந்தும் சாக்கெட் வகை) ப்ராசசரில் பின்கள் ப்ராசசரின் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக இறங்கும். விரலால் அழுத்தவே கூடாது. இறங்கவில்லையென்றால் எடுத்துப் பாருங்கள், ஏதோ ஒரு பின் வளைந்திருக்கும். கூடவே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலருக்கு நான்கு ஸ்க்ரூ. போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் அதை மாட்ட முடியும். கழற்றியதும் பின்பக்க உலோகத் தகடு விழுந்துவிடும், அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் மாறி மாறித் திருகுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியே வருகிறது, மேலே இன்னொரு அடுக்கு வேண்டாம்.

பிற்பாடு கூலரைக் கழற்ற நேர்ந்தால், மெஷினைப் பத்து நிமிடம் வேலை வாங்கிச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்துங்கள். குளிர்ந்த நிலையில் நேராக இழுத்தால், காய்ந்த பேஸ்ட் ப்ராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின் வளைவது பெரும்பாலும் இப்படித்தான்.

முழு வேலையில் இந்தக் கூலர் சத்தம் போடும், சூடும் ஏறும். ஆனால் 95 டிகிரி வரை ப்ராசசருக்கு அனுமதி உண்டு. சத்தம் பிடிக்காதவர்கள் பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடில் 45 வாட் வைக்கலாம். வேகத்தில் இழப்பு சொற்பம்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 450 வாட் போதும். இந்த ப்ராசசர் பூஸ்டில் இழுக்கும் உச்ச அளவு 88 வாட்தான். எத்தனை வாட் என்பதைவிட நல்ல கம்பெனியா என்பதைப் பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ ஒதுக்கிவிடுங்கள். ப்ராசசருக்கான 8 பின் கேபிளும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முன்னது 4+4, பின்னது 6+2. முட்டி மோதி மாற்றிச் செருகினால் போர்டு புகைந்துவிடும். எஸ்எஸ்டி-க்கு பிசிஐஇ (எஸ்எஸ்டி-யும் கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசசரோடு இணையும் பாதை) 4.0 மாடல் வேண்டாம். 5600ஜி 3.0 மட்டுமே என்பதால் நொடிக்கு 3500 எம்பி-யைச் சுற்றியே நிற்கும், கூடுதல் காசு வீண்.

முதல்முறை பவர் பட்டனை அழுத்தியதும் திரை ஓரிரு நிமிடம் கருப்பாக இருக்கலாம், ஒருமுறை தானாக அணைந்து எரியலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பதறி ஸ்விட்சை அணைக்காதீர்கள். ஐந்து நிமிடம் கழித்தும் படம் வரவில்லையென்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் 2-வது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ‘கிளிக்’ என்று பூட்டாத ரேம்தான் பாதிப் புகார்களுக்குக் காரணம்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரவுசர், எக்செல், கோடிங், ஃபோட்டோ எடிட்டிங் எல்லாம் சிக்கலில்லாமல் ஓடும். ஏவி1 என்ற புதிய வகைச் சுருக்கத்தில் வரும் வீடியோவுக்கு ஹார்டுவேர் டிகோடர் இல்லை. கோர்கள் ஆறும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஃபேன் சத்தம் மட்டும் கூடும். வேலரன்ட், டோட்டா 2 போன்றவை 1080பி-யில் குறைந்த செட்டிங்கில் நன்றாகவே ஆடலாம். ஜிடிஏ 5-ம் அப்படித்தான். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு 720பி-க்கு இறங்க வேண்டும், சில அதிலும் தடுமாறும்.

ஆறு மாதத்துக்குள் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 5600ஜி வேண்டாம். கொஞ்சம் காத்திருந்து, ஜி இல்லாத 5600-ஐயே கார்டோடு சேர்த்து எடுங்கள். அதில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 32 எம்பி, பிசிஐஇ 4.0. 5600ஜி-யில் கேஷ் அதில் பாதி, 16 எம்பி மட்டுமே. கார்டு போட்ட பிறகு கேம்களில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏற்கெனவே 5600ஜி வைத்திருப்பவர்கள் கார்டு தேடும்போது, அது எத்தனை லேனில் (பிசிஐஇ தடத்தில்) ஓடுகிறது என்று பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 லேன் கார்டு, பிசிஐஇ 3.0-இல் அதன் வேகம் கணிசமாகக் குறையும். ஆர்எக்ஸ் 6600-க்கு 8 லேன் உண்டு, இதோடு சேர்த்து ஓட்ட அதுவே பொருத்தம்.