பத்து வெள்ளி வண்டி, பதினெட்டு வெள்ளி வண்டி

என் இடது முழங்காலில் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கினேன்.

சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள புலாவ் உபின் தீவில், கெத்தாம் குவாரி ஏரியைச் சுற்றி மலைச் சைக்கிள்களுக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. அதில் இரண்டு முறை சுற்றிவிட்டேன். முதல் முறை பத்து வெள்ளி வாடகை வண்டியில். ஆறு வாரம் கழித்து, வேறொரு கடையில் எடுத்த பதினெட்டு வெள்ளி வண்டியில். பாதை அதேதான், கூட வந்த தோழியும் அதே தோழிதான். ஆனால் இரண்டு நாள்களையும் ஒரே இடத்துக்குப் போய் வந்ததாக நினைக்க என் உடம்பு மறுக்கிறது. எட்டு வெள்ளி வித்தியாசத்தில் என்ன கிடைக்கிறது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தோழியும் நானும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இருவருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அவளிடம் சொந்தமாக நல்ல மலைச் சைக்கிள் இருக்கிறது. பிடோக்கிலிருந்து பூங்கா இணைப்புப் பாதை வழியாகவே சாங்கி படகுத்துறைக்கு ஓட்டி வந்துவிடுவாள். நான் தானா மேராவில் 2ஆம் எண் பஸ் ஏறி, சாங்கி வில்லேஜில் இறங்கி, அவள் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் போய்ச் சேர்வேன். படகில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளப்புவார்கள். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக. சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். முதல் முறை எங்களையும் சேர்த்து ஐந்து பேர்தான் காத்திருந்தோம். தூண்டில்களோடு ஒரு கூட்டம் வந்து எண்ணிக்கையை நிரப்பியது. பத்து நிமிடப் பயணம். அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

உபினில் இறங்கியதும் சைக்கிள் கடைகள்தான் கண்ணில் படும். வரிசை வரிசையாக வண்டிகள், பெரும்பாலும் முன்னால் கூடை வைத்தவை. தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா ஈரநிலப் பக்கம் குடும்பத்தோடு சுற்ற அவை போதும். நாங்கள் போனது வேறு திசை. முதல் கடையில் சிவப்பு நிறத்தில் ஒரு வண்டி நின்றது. தடித்த டயர், முன்சக்கரத்துக்கு மேல் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழல்கள், 21 கியர் என்று பளபளப்பான ஒட்டுப்படம். மலை வண்டி என்று கடைக்காரர் சொன்னார். நானும் நம்பினேன்.

தோழி நம்பவில்லை. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தாள். ஹேண்டிலைத் தன் முழு எடையோடு கீழே அமுக்கினாள். சஸ்பென்ஷன் துளிகூட இறங்கவில்லை. உள்ளே துருப்பிடித்து, குழலும் குழலும் ஒட்டிப்போயிருந்தன. “இது வெறும் அலங்காரம்டி, வேறு பார்” என்றாள். “ஒரு ஏரியைச் சுற்றத்தானே போகிறோம்” என்று சொல்லிவிட்டுப் பத்து வெள்ளியை நீட்டினேன். ஏரி என்றதும் என் மனத்தில் ஜூரோங் ஏரிப் பூங்காதான் வந்தது: சமதரை, நிழல், ஓரத்தில் இருக்கைகள்.

கெத்தாம் அப்படிப்பட்ட ஏரியே அல்ல. அது கருங்கல் வெட்டியெடுத்த பள்ளம். உபின் கல்லுக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. 1851இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இந்தத் தீவின் கருங்கல்லால் கட்டியதுதான். கல் எடுப்பது நின்ற பிறகு குழிகளில் மழைநீர் தேங்கி, இன்று பச்சையும் நீலமும் கலந்த ஆழமான நீராக நிற்கிறது. ஆகவே இதைச் சுற்றும் பாதை கரையோரமாகத் தட்டையாக ஓடாது. குன்றின் தோளில் ஏறும், காட்டுக்குள் வளைந்து இறங்கும், மறுபடி ஏறும். 2008இல் திறந்த இந்தப் பாதையில் கடினத்துக்கு ஏற்ப அடையாளப் பலகைகள் உண்டு. நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் கை தேர்ந்தவர்களுக்கு மட்டும். இந்தப் பலகைகளைக் கண்ணால் பார்த்தால் போதாது, அவற்றுக்குக் கீழ்ப்படியவும் வேண்டும்.

முதல் சுற்றில் முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. புல்வெளி, தென்னைகள், ஈர மண் வாசனை. மரங்களுக்குள் நுழைந்ததும் குறுக்கே வேர்கள் வரத் தொடங்கின. அசையாத சஸ்பென்ஷன் என்றால் என்ன என்பதை என் மணிக்கட்டுகள் அப்போது தெரிந்துகொண்டன. ஒவ்வொரு வேரும் பற்களில் போய் முட்டியது. 21 கியரில் ஆறு மட்டும் வேலை செய்தன, அந்த ஆறில் ஏற்றத்துக்குரிய சிறிய கியர் இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று நின்று தள்ளினேன்.

ஏற்றத்தைத் தள்ளியாவது சமாளிக்கலாம். இறக்கத்தில்தான் விஷயம் தெரிந்தது. சரளைக் கற்கள் நிறைந்த ஓர் இடது வளைவு, அதன் முடிவில் இரண்டு தடித்த வேர்கள். பின் பிரேக்கை இழுத்தேன். கைப்பிடியைத் தொடும் வரை வந்தது, கிறீச்சென்று ஒரு சத்தமும் வந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை. பிரேக் கட்டையில் ரப்பரே மிச்சமில்லை, இரும்புதான் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது என்பதைக் கீழே விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். செயினும் கழன்றிருந்தது. தோழி திட்டவில்லை, அதுதான் கொடுமை. தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவிவிட்டு, ஒரு குச்சியால் செயினை மாட்டிக் கொடுத்து, “நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன்” என்றாள். அன்று சுற்றின் பாதியை நான் நடந்தே முடித்தேன்.

கடைக்காரர் முழங்காலைப் பார்த்ததும் மருந்தும் பிளாஸ்டரும் கொண்டு வந்தார், குளிர்பானம் ஒன்றையும் கையில் திணித்தார். பிரேக்கைக் காட்டினேன். “மலைப் பாதைக்குப் போவதாக நீங்கள் சொல்லவில்லையே” என்றார். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, நான் சொல்லவில்லைதான். ஆனால் தார்ச்சாலையில் போகும் வண்டிக்கும் பிரேக் வேண்டுமே! கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே மாதிரிச் சிவப்பு வண்டிகள் வேறு வாசல்களிலும் நிற்பதைப் பிறகு பார்த்தேன்.

இரண்டாவது முறை ஒரு பெண்மணி நடத்தும் கடைக்குப் போனோம். அவர் வண்டியைக் காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “எங்கே போகிறீர்கள்?” கெத்தாம் என்றதும் வாசலில் நின்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு உள்ளே போய் ஒரு நீல வண்டியை உருட்டி வந்தார். பதினெட்டு வெள்ளி. இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், இரண்டு விரலால் இழுத்தாலே நின்றது. ஹேண்டிலை அமுக்கினால் சஸ்பென்ஷன் இறங்கி ஏறியது. முள் முள்ளாகப் புடைத்த டயரில் காற்று கல்லாக இருந்தது. கட்டைவிரலுக்குச் சற்று உள்வாங்கும் அளவுக்குத் தோழி குறைத்தாள். வேர்களில் துள்ளாமல் இருக்க அது உதவும் என்றாள், உதவியது.

குறை இல்லாமல் இல்லை. இருக்கை பலகை மாதிரி இருந்தது. தலைக்கவசம் இலவசம்தான், ஆனால் அதன் வாரில் ஒரு பத்துப் பேருடைய வியர்வை இருந்தது. அடுத்த முறை சொந்தமாக ஒன்று கொண்டுபோவேன். என் உயரம் ஐந்தடி. வண்டிச் சட்டம் ஒரே அளவில்தான் இருக்கிறது. இருக்கையைக் கீழ்க்கோடிக்கு இறக்கியும் நுனிவிரல்தான் தரையைத் தொட்டது.

ஆனால் அந்த இடது வளைவு! அதே சரளை, அதே இரண்டு வேர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள், வேரைப் பார்க்காதே, அதைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தைப் பார் என்று தோழி சொல்லியிருந்தாள். பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, எழுந்து நின்று, பிட்டத்தைப் பின்னால் தள்ளி... தட், தட். அவ்வளவுதான். கடந்துவிட்டேன். காட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன், எங்கோ ஒரு குரங்கு பதில் சொன்னது.

முதல் முறை ஏரியை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. இந்த முறை மேட்டில் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நெடுநேரம் நின்றோம். வெட்டுப்பட்ட பாறைச் சுவர் செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. இறங்கிக் குளிக்கலாம் என்று யாருக்கும் ஆசை வர வேண்டாம், அனுமதி இல்லை. சுற்று முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் ஜெர்மன் பெண் சன்னதிக்கும் போனோம். முதல் உலகப் போரின்போது இங்கே இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணுக்கான சிறு கோவில் அது. பீடத்தில் பார்பி பொம்மை, சுற்றிலும் நகச்சாயமும் வாசனைத் திரவியமும் கண்ணாடியும் காணிக்கையாக இருக்கின்றன. தோழி கைப்பையில் துழாவி ஓர் உதட்டுச்சாயத்தை எடுத்து வைத்தாள். பயமா பக்தியா என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

என் கடிகாரக் கணக்கில் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம், நிற்பதற்கும் மூச்சு வாங்குவதற்கும் சேர்த்து. காலை எட்டுக்குள் தொடங்குங்கள். பத்துக்கு மேல் திறந்த புல்வெளிப் பகுதி சுட்டெரிக்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால் வேர்கள் சோப்புப் போட்டது போல இருக்கும், அன்று செக் ஜாவாவுக்கு நடந்து போங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். உணவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள். காட்டுப்பன்றிகளுக்கு அந்தச் சரசரப்பு நன்றாகத் தெரியும். தேங்காய்ப்பால் ஜாம் தடவிய எங்கள் காயா ரொட்டி ஒன்றின் கதை அப்படித்தான் முடிந்தது.

இரட்டைக் கறுப்பு வைரப் பலகைக்கு முன்னால் மட்டும் இரண்டு முறையும் இறங்கிவிட்டேன். எந்த வண்டியாக இருந்தாலும் என் பதில் அதுதான்.

திரும்பி வந்து வண்டியைக் கொடுத்தபோது அந்தப் பெண்மணி முதலில் என் முழங்காலைத்தான் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து டயர் மண்ணைக் கழுவினார். அடுத்த மாதத்துக்கு அதே நீல வண்டியைச் சொல்லி வைத்திருக்கிறேன். இருக்கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கம்பியில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டும் வந்தேன்.