மதுரை – லண்டன்: சென்னையா, கொழும்பா, துபாயா?

அக்காவுக்கு லண்டனில் பிரசவம், அம்மா தனியாகப் போக வேண்டும். ஒரு வாரமாக எனக்கு இதே வேலை. மதுரையிலிருந்து நேர் விமானம் கிடையாது, எங்கேயாவது மாறித்தான் ஆக வேண்டும். கொழும்பு வழியாகப் போகலாம் என்றதும் அம்மா கேட்டாள்: "ஏன்டா, லண்டன் வடக்க இருக்கு, நீ என்னைத் தெக்க அனுப்புற?"

நியாயமான கேள்விதான். அண்ணன் மகனுடைய உலக உருண்டையை எடுத்து, அம்மா பூக்கட்டுகிற நாரை மதுரையில் ஒரு முனை, லண்டனில் ஒரு முனை என்று இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். துபாய் நாரிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் இருந்தது. நேராகப் பறந்தால் சுமார் 8,360 கி.மீ., துபாய் வழியாக 8,450. காரைக்குடிக்குப் போகிற தூரம்தான் கூடுதல்! சென்னை வழி 8,650, கொழும்பு வழி 9,060-ஐத் தாண்டும். அப்போ துபாய்தானே?

இல்லை. மதுரையிலிருந்து துபாய்க்குக் கூட்டிப்போகிற கம்பெனி வேறு, அங்கிருந்து லண்டனுக்குப் போகிற கம்பெனி வேறு. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு விசா வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் காசு போனதுதான். துபாய் கதை அத்தோடு முடிந்தது.

சென்னையில் பெரிய வசதி, லண்டனுக்கு நேர் விமானம், கிட்டத்தட்ட 11 மணி நேரம். ஆனால் அது விடியக்காலையில் கிளம்புகிறது. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் எழும்பூரில் இறங்குவதற்குள் விமானம் பறந்திருக்கும், அதனால் முந்தின நாள் சாயங்காலமே மதுரை திருநகரில் இருக்கிற எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பி, விமானத்தில் சென்னையில் இறங்கி, நடுராத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்க வேண்டும். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து லண்டனில் சக்கரம் தரை தொடுகிற வரை 22, 23 மணி நேரம். இன்னொன்று, உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். போன முறை நான் சென்னைக்குப் போனபோது கவுண்டரில் இட்லிப்பொடி, சுக்கு, வடகம் எல்லாவற்றையும் பிரித்துக் கைப்பைக்கு மாற்றினேன். பின்னால் நின்றவர்கள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கொழும்பு வழியைத் தூரத்தை வைத்து மட்டும் பார்த்தால் மூன்றிலும் மோசம். ஆனால் மதுரை விமான நிலையம் இருக்கிற பெருங்குடிக்கு ஆட்டோவில் அரைமணி நேரம், கொழும்புக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து லண்டன் 11 மணி. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மதுரையில் போட்ட பெட்டி லண்டனில்தான் வரும், இடையில் தூக்க வேண்டாம். கொழும்பில் காத்திருப்பு 3 மணி நேரமாக அமைந்தால் வீட்டிலிருந்து கணக்குப் போட்டாலும் 18 மணி நேரம்தான். சீசனுக்குச் சீசன் நேரம் மாறும், காத்திருப்பு 9, 10 மணி நேரம் என்று காட்டினால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள்.

கொழும்பு விமான நிலையத்தில் பலகைகள் தமிழிலும் இருக்கும். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்குச் சென்னை வழியை விட 400 கி.மீ. கூடுதல் என்பதைக் காட்டிலும் அதுதான் பெரிதாகப் பட்டது.

திரும்பி வரும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எந்த வழியானாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறையும். டிக்கெட் போட்டாயிற்று. அம்மா இப்போது வடகத்தை எடை போட்டுக்கொண்டிருக்கிறாள்.