விமானத் தாமத இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்ற கடையிடம் 1,800 யூரோவை இழந்தோம்: எச்சரிக்கை

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். எங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய 1,800 யூரோ, அதாவது 8,000 ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகை, எங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன ஒரு பயண முகவர் கடையின் வங்கிக் கணக்குக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று விமான நிறுவனம் நேற்று மின்னஞ்சலில் தெரிவித்தது. “கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள்” என்றே அந்தக் கடை எங்களிடம் சொல்லி வந்திருக்கிறது. புகார் கொடுக்கவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தியாவுக்கு டிக்கெட் போட்டு, விசா பாரம் நிரப்பி, ஊருக்குப் பணமும் அனுப்பித் தரும் கடைகளில் ஒன்று என்பது மட்டும் போதும்.

2025 ஜூன் மாதம் தம்பியின் மருத்துவப் பட்டமளிப்புக்காக அப்பா, அம்மா, நான் மூவரும் டப்ளினுக்குப் போனோம். திரும்பும்போது டப்ளினிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கும், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் ஒரே முன்பதிவில் பயணம். முதல் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் புறப்பட்டதால் அடுத்த விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஏறக்குறைய ஒரு நாள் தாமதமாகவே கோலாலம்பூர் விமான நிலையத்தில் வந்திறங்கினோம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மா அந்த இரவை நாற்காலியிலேயே கழித்தார். தாமதத்துக்குத் தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று இடைவழி விமான நிலையத்தின் முகப்பில் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

இதற்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு என்பதை அயர்லாந்தில் இருக்கும் தம்பிதான் முதலில் சொன்னான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எவருக்கும் பொருந்தும்; விமான நிறுவனம் எந்த நாட்டுடையது, பயணி எந்த நாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தவருக்கும் இழப்பீடு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் கடைசியாகச் சென்றடையும் ஊரின் தாமதத்தையே பார்க்க வேண்டும் என்று 2013இல் சொன்னது. 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய தூரத்துக்குத் தலைக்கு 600 யூரோ. மூவருக்கும் சேர்த்து 1,800 யூரோ.

டிக்கெட்டை அந்தக் கடையில்தான் வாங்கியிருந்தோம். முன்பதிவு விவரம் கேட்கப் போனபோது கடைக்காரர் எங்களை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். எந்தத் தோட்டம் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னதும், தன் தகப்பனாரும் அதே தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்தவர்தான் என்று சொல்லி, பழைய லயத்து வீடுகளையும் மாரியம்மன் கோயில் திருவிழாவையும் பற்றி நெடுநேரம் பேசினார். நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டிய என் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. “ஐயா, நம்ம ஆளுங்க காச நான் தொட மாட்டேன். வெளிநாட்டுக் கம்பெனியோட பேசுறது கஷ்டம், நீங்க அலைய வேணாம், நான் பாத்துக்கிறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அப்பா வீட்டுக்கு வந்தும் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைக்காரர் ஆளுக்கு 300 வீதம் 900 ரிங்கிட் ‘கோப்புச் செலவு’ வாங்கினார். எங்கள் சார்பில் பேசுவதற்கான கடிதம் என்று சொல்லி மூவரிடமும் கையொப்பம் பெற்றார். நகல் கேட்டபோது, இயந்திரத்தில் மை தீர்ந்துவிட்டது, புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி வைக்கிறேன் என்றார். அந்த நகல் இன்றுவரை வரவில்லை.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், விமான நிறுவனம் பதில் போடவில்லை என்றார். அடுத்து, நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான மாவ்கோம் 2025 ஆகஸ்ட் முதல் தேதி சிவில் விமான ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டதால் எல்லாக் கோப்புகளும் தேங்கிக் கிடக்கின்றன என்றார். இணைப்பு நடந்தது உண்மைதான். ஆனால் டப்ளினில் புறப்பட்ட விமானத்துக்கான ஐரோப்பிய இழப்பீட்டை நம் நாட்டு ஆணையம் தீர்மானிப்பதில்லை. அதை எடுத்துச் சொன்னபோது, “தம்பி, படிச்சவரு நீங்க, ஆனா இந்தத் தொழில்ல இருக்கிறது நான்” என்று பேச்சை முடித்துக்கொண்டார். அதன் பிறகு அழைப்பை எடுப்பதே அரிதாகிவிட்டது. நேரில் போனால் முகப்பில் இருந்த பெண், முதலாளி திருச்சிக்குப் போயிருக்கிறார் என்பார். அன்று மாலையே அவருடைய கார் கடை வாசலில் நிற்கும்.

கடைசியாக, மோசமான வானிலையால் நேர்ந்த தாமதம் என்று சொல்லிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள் என்றார். என் கையில் இருந்த கடிதமோ தொழில்நுட்பக் கோளாறு என்கிறது. வழக்கமான இயந்திரக் கோளாறை, இழப்பீடு தராமல் இருக்க இடமளிக்கும் ‘அசாதாரணச் சூழ்நிலை’யாகக் கருத இயலாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இலேயே சொல்லியிருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. மாறாக, ஊர்க்காரர்கள் என்பதற்காக அடுத்த திருச்சிப் பயணத்தில் 200 ரிங்கிட் குறைத்துத் தருவதாகச் சொன்னார். 1,800 யூரோவை எடுத்து வைத்துக்கொண்ட மனிதர், அதுவரை தன்னைத் தோட்டத்துப் பிள்ளையாகவே எண்ணியிருந்த என் அப்பாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னார்.

விமான நிறுவனத்துக்கு நானே நேரடியாக எழுதினேன். அவர்களுடைய பதில் சுருக்கமானது: கோரிக்கை ஏற்கப்பட்டது, மூவருக்கும் உரிய 1,800 யூரோ அதிகாரம் பெற்ற பிரதிநிதியின் கணக்கில் செலுத்தப்பட்டது. அனுப்பிய எல்லா மின்னஞ்சல்களும் முன்பதிவில் இருந்த முகவரிக்கே சென்றிருக்கின்றன. டிக்கெட் போடும்போது எங்கள் முகவரிக்குப் பதிலாகக் கடையின் முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பு, பணம் அனுப்பிய அறிவிப்பு இரண்டுமே எங்கள் கண்ணில் படாமல் போனதற்கு அதுதான் காரணம். அந்தப் பதிலைக் காட்டியபோது, அது சேவைக் கட்டணத்துக்கும் வழக்கறிஞர் செலவுக்கும் சரியாகப் போய்விட்டது என்றார் கடைக்காரர். எந்த வழக்கறிஞர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வெளியே போகும்படி சொன்னார். அப்பா எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. திருச்சி விமானம் தாமதமானதற்கும் இதே கடை தலைக்கு 300 ரிங்கிட் வாங்கி ‘600 யூரோ’ ஆசை காட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அக்கா கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார். கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் இடையே பறக்கும் விமானத்துக்கு ஐரோப்பிய விதி பொருந்தாது. நம் நாட்டு விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பில் தாமதத்துக்கென நிர்ணயித்த ரொக்க இழப்பீடு கிடையாது. தாமதம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆனால் உணவு, ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகி இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடம் என்பவைதான் உண்டு. 2024 செப்டம்பரிலிருந்து, ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பயணம் வேண்டாம் என்றால் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இவற்றைக் கேட்க எந்தக் கடைக்கும் 300 ரிங்கிட் கொடுக்கத் தேவையில்லை.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைய மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே இழப்பீட்டுப் படிவம் இருக்கும், அதற்குக் கட்டணம் இல்லை, உங்கள் வங்கிக் கணக்கையே அதில் எழுதுங்கள். முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். முறையாக இயங்கும் உரிமைகோரல் நிறுவனங்கள் பணம் கிடைத்த பிறகே தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. டிக்கெட் வாங்கும்போது முன்பதிவில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருவதற்கு ஐரோப்பிய விதிப்படி உங்கள் கையொப்பமிட்ட சம்மதம் தேவை, கொடுக்காதீர்கள். ஏறுகைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

போலீஸ் புகார் கொடுத்துவிட்டு, மலேசியப் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை அங்கே ஏற்கிறார்கள், மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இதுபோன்ற கடையில் நீங்களும் கையொப்பம் இட்டிருந்தால் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். விமான நிறுவனத்துக்கு இன்றே எழுதி, உங்கள் பெயரில் பணம் ஏதும் கொடுக்கப்பட்டிருக்கிறதா, யாருடைய கணக்குக்குப் போனது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.