அரக்குத் தட்டுகளுக்கு டூயல் 1019

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்கு ரெக்கார்டுகளை, தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் ஆட்டோ சேஞ்சர் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நான் டூயல் 1019 என்ற சேஞ்சரில் மனநிறைவோடு போட்டுக் கேட்கிறேன்.

1960-களில் மேற்கு ஜெர்மனியில் தயாரான இயந்திரம். 78 வேகம் உண்டு. தட்டுகளைத் தாங்கும் நடுத்தண்டான நீள ஸ்பிண்டிலைச் செருகினால் பத்துத் தட்டு வரை அடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது தட்டு இறங்கும் விதம்தான். அடியில் உள்ளதை விடுவதற்கு முன்பே மற்றவற்றைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது ஸ்பிண்டில். அதனால் இறங்கும் தட்டின் மேல் பாரம் இல்லை, நடு ஓட்டையின் விளிம்பு உதிர்வதில்லை.

அதற்காகப் பத்தையும் அடுக்கிவிடாதீர்கள். பிற்கால எல்பிகளில் (33 வேகத்தில் ஓடும் நீண்ட நேரத் தட்டுகளில்) உள்ள மேடான விளிம்பு அரக்குத் தட்டில் பெரும்பாலும் கிடையாது. ஒலி பதிந்த வரிப்பள்ளத்தோடு வரிப்பள்ளம் உரசும். மூன்று, நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சேஞ்சருக்கென்றே வெளிவந்த ஆல்பங்கள் கிடைத்தால் விடாதீர்கள். ஐந்து தட்டு ஆல்பத்தில் முதல் பக்கத்தின் பின்னால் இரண்டாவது இருக்காது, பத்தாவது இருக்கும். இரண்டின் பின்னால் ஒன்பது. ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாக ஓடி முடிந்ததும் அடுக்கை அப்படியே புரட்டி வைத்தால் ஆறிலிருந்து தொடரும். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போகாமல் ஒரு சிம்பொனியை உட்கார்ந்து கேட்பது தனிச் சுகம். உரசலைத் தவிர்க்க நான் மட்டும் மூன்று தட்டு, நான்கு தட்டாகப் பிரித்து வைத்துக் கேட்கிறேன்.

மிகப் பழைய தட்டுகளுக்கு இது சரிப்படாது. அவற்றில் ஊசியை உள்ளே இழுக்கும் தொடக்க வரி இருக்காது. வெற்று விளிம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், விரலால் மெல்லத் தள்ளிவிட வேண்டும். முடிவு வரியும் இல்லையென்றால் பாட்டு முடிந்தும் ஊசியைத் தாங்கும் ஆர்ம் எழும்பாது. வேகத்தை மூன்று சதவீதம் கூட்டிக் குறைக்கலாம். 78-லிருந்து வெகுவாக விலகிய ஆரம்பகாலப் பதிவுகளுக்கு அது போதாது.

ஊசியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அரக்குத் தட்டுக்கு 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனை கொண்ட ஊசி தேவை. எல்பி ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். தட்டைத் துடைக்க ஸ்பிரிட் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

வாங்குகிறவர்கள் முதலில் அடிப்பக்கத்தைத் திறந்து, இறுகிப்போன கிரீஸை எடுத்துப் புதிதாகப் பூசுங்கள். அதைச் செய்யாமல் ஓட்டினால் தட்டு மாறும்போது ஆர்ம் பாதியில் நின்றுவிடும்.